குறைத்து எடுத்த படம்

எங்கள் தீவில், கரம்பொன்னில் நிலாந்தினி ரீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் மூன்று வயது நிரம்பிய பிள்ளைகள் எல்லாம் அவளுடைய முன்பள்ளிக்கு அழுதுகொண்டு போவார்கள். ஒரு கிழமை கழிய, வீட்டுக்கு வரமாட்டோம் என்று அழுவார்கள். கலியாணம் முடித்துப் பதின்மூன்று வருடம் ஆகியும் அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதை அவள் மறந்தாலும் ஊர் மறக்காது. பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் சிலர், தங்கள் பிள்ளை அவளுடைய இடுப்பில் இருப்பதைக் கண்டவுடன் முகத்தை இரக்கமாக மாற்றிக்கொள்வார்கள். வம்பு பேசினால்கூடத் தாங்கிக்கொள்வாள், அந்த இரக்கத்தைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புருசன் நிமலன் பிரதேச சபையில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறான். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில்தான் வர வேண்டும். ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் ஊற்றுகிற மனிதனின் பெண்சாதி, ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கப் பஞ்சிப்படுவாள். பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு அடிக்கடி கழிவறைக்குப் போக ஏலாது என்று காரணம் சொல்வாள். நிமலன் ஏசுவான், அவள் சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே இடது சிறுநீரகத்தில் ஒரு கல்லை வளர்த்துவிட்டாள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டி ஆறு நாளும் அவள் உபவாசம் இருப்பாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் படாது. பின்னேரப் பூசை முடிந்த பிறகு மிளகும் ஒரு மிடறு தண்ணீரும் மட்டும். பிள்ளை கேட்டுப் பிடிக்கத் தொடங்கிய விரதம். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள், விரதத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ரீச்சர் கைவிட்டுவிட்டாள் என்று ஊர் கதைக்கும். அதைக் கேட்பதை விடப் பட்டினி கிடப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது.

இந்த முறை விரதத்தின் நடுவில் அவளுக்கு மாதவிலக்கு வரும் நாள். வந்தால் கோயில் படியேற முடியாது. அதற்கு எங்கள் பெண்களிடம் ஒரு வழி இருக்கிறது. கொடியேற்றமோ, கலியாணமோ, அந்தியேட்டியோ எது வந்தாலும் மருந்துக்கடைக்குப் போய் ‘நாள் தள்ளுற குளிசை’ என்று மெல்லச் சொன்னால், கடையில் நிற்கும் பெட்டை மறுகேள்வி கேட்காமல் எடுத்துத் தருவாள். நிலாந்தினியும் வாங்கிப் போட்டாள். பிள்ளை கேட்டுத் தொடங்கிய விரதம் குழம்பக்கூடாது என்று அவள் குளிசையை விழுங்கிய நேரத்தில், பிள்ளை வயிற்றில் வந்து தங்கியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. முருகனுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் வாய் திறக்கவில்லை.

சூரன்போர் பார்த்து, பாறணைச் சோறு தின்று, அடுத்த நாள் முன்பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு நின்றவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். இடது விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை ஒரு குத்து. மூச்சு எடுக்க முடியவில்லை. ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் ஊசி போட்டு நோவைக் கொஞ்சம் அடக்கி, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். நிமலன் ஓட்டோ பிடித்து, மாரி மழைக்குள் அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலத்துக் காற்றில் ஓட்டோவோடு சேர்ந்து ஆடி, பட்டணத்தில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் அவளைக் கொண்டுபோய் இறக்கினான். அங்கே இருந்த டொக்டர் அல்ட்ரா சவுண்டில் பார்த்தார். சிறுநீரகம் வீங்கியிருந்தது, கல் கண்ணில் படவில்லை. கல் எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரிது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது, வயிற்றுக்கு ஒரு சி.ரி. ஸ்கான் எடுங்கள் என்றார்.

தீவாருக்கு ஒரு குணம் உண்டு. பட்டணத்துக்கு ஒரு தரம் போனால் நாலு வேலையை முடிக்காமல் திரும்பமாட்டோம். பல்லைக் காட்டப் போனவன் கண்ணையும் காட்டி, சைக்கிளுக்கு ரியூப்பும் வாங்கி, கச்சேரியில் அரசாங்க அலுவலையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். நிமலன் ஸ்கானையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தான். அறை வாசலிலேயே தொடங்கிவிட்டான்.

“வந்தது வந்திட்டம், தங்கச்சி. கல்லை மட்டும் பாக்காமல் நெஞ்சிலை இருந்து கீழை வரைக்கும் எல்லாத்தையும் எடுத்துவிடுங்கோ. நல்ல தெளிவா, கூட்டியே எடுங்கோ.”

அவன் தங்கச்சி என்றது தனுசியாவை. ஸ்கான் எடுக்கிற வேலை அவளுடையது. நாரந்தனைப் பெட்டை, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். இந்த மெசின் தருவது கதிர்வீச்சு, அது தேவைக்கு மேல் உடம்பில் ஏறக்கூடாது. கல் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரிகிற சாமான், அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சக் கதிர்வீச்சே போதும். வழமையாக வயிற்றுக்குக் கொடுப்பதில் காற்பங்குதான் கல்லுக்குக் கொடுப்பது, அது படம் பார்த்துச் சொல்கிற டொக்டர்மாரும் சேர்ந்து எடுத்த முடிவு. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள இடம் எதுவும் தேவையில்லை. படம் மணல் தூவியது போல இருக்கும், கம்பியூட்டர் அதில் முக்கால்வாசியைத் துடைத்துவிடும், மிச்ச மணலுக்குள் கல் ஒளிய ஏலாது. ஈரலில் சின்னக் கட்டி ஒன்றைத் தேடுவதாக இருந்தால் இந்த அளவு காணாது, அப்போது தானே கூட்டுவேன் என்றும் சொன்னாள்.

நிமலனுக்கு அதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. குறைத்துக் கொடுப்பது என்றால் அவன் தொழிலில் ஒரே ஒரு அர்த்தம்தான், களவு. பவுசரில் யாராவது குறைத்து ஊற்றினால் சனம் சும்மா விடுமா? அவன் சத்தம் போட்டான். சுவிஸில் இருக்கிற தம்பி நிலக்ஷனைத் தொலைபேசியில் எடுத்து அவளுடைய முகத்துக்கு நேரே நீட்டினான். தம்பிக்காரனும் அங்கிருந்தபடி முழு வயிற்றையும், படம் தெளிய நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டான். தனுசியா தொலைபேசியைப் பார்க்காமல் நிமலனைப் பார்த்தாள்.

“அண்ணை, படம் வடிவா இருக்க வேணுமெண்டு கதிர்வீச்சைக் கூட்டுறேல்லை. டொக்டர் கேட்டதுக்கு மறுமொழி தெரிஞ்சால் காணும்.”

நோவில் சுருண்டுபோய் இருந்த நிலாந்தினிக்கு அவள் மேல்தான் எரிச்சல் வந்தது. கேட்டதைச் செய்துவிட்டுப் போனால் என்ன, இந்தச் சின்னப் பெட்டைக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்தாள்.

நிமலனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு தனுசியாவின் குரல் தணிந்தது. கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டாள். நிலாந்தினி குளிசைக் கதையைச் சொன்னாள். குளிசையை நிறுத்தியாகிவிட்டது, இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றாள். தனுசியா செய்துகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“அப்ப ஒருக்கால் சலம் சோதிச்சுப்போட்டு எடுப்பம், அக்கா. கன நேரம் செல்லாது.”

இந்த இடத்தில் நிலாந்தினியை விளங்கிக்கொள்ள வேண்டும் என்றால், சிறுநீரில் பிள்ளை தங்கியதைக் காட்டும் அந்தச் சோதனைப் பட்டியை அவள் எத்தனை தரம் கையில் பிடித்திருக்கிறாள் என்பதை நினைக்க வேண்டும். நாள் கொஞ்சம் பிந்தினாலும் போதும். கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு கோடு விழுந்ததும் இரண்டாவது கோட்டுக்காகக் கண் நோகப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பாள். எறிந்த பட்டியைக் குப்பையிலிருந்து திரும்ப எடுத்தும் பார்த்திருக்கிறாள். எல்லா முறையும் ஒற்றைக் கோடுதான். கடைசித் தரம் பார்த்தபோது, இனி என் சீவியத்தில் இதைத் தொடமாட்டேன் என்று முடிவெடுத்திருந்தாள். இப்போது இந்த நோவுக்குள், முன்பின் தெரியாத ஒருத்தியின் முன்னால், திரும்பவும் அந்த ஒற்றைக் கோடா?

“நான் வீட்டிலை பாத்தனான். இல்லை,” என்றாள்.

“எப்ப பாத்தனீங்கள்?”

“முந்தநாள்.”

தனுசியா ஒரு கணம் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். வெளியே டொக்டர் படத்துக்குக் காத்திருப்பதாகத் தாதி வந்து கூப்பிட்டாள். நிலாந்தினிக்கு நோவு திரும்பவும் கிளம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தனுசியா அவளுடைய சொல்லை நம்பினாள்.

பிறகு மேசையில் படுக்க வைத்தாள். தாலிக்கொடியைக் கழற்ற நிலாந்தினி சம்மதிக்காததால், அதை வயிற்றுப் பக்கம் வராமல் தோளுக்கு மேலே இழுத்துவிட்டாள். கைகள் இரண்டையும் தலைக்கு மேலே நீட்டச் சொன்னாள். கையோ தங்கமோ படம் எடுக்கிற வழியில் கிடந்தால் மெசின் உடம்பு பருமன் என்று நினைத்துக் கதிர்வீச்சைத் தானாகக் கூட்டிவிடும் என்றாள். மேசையைக் கொஞ்சம் ஏற்றினாள், இறக்கினாள், திரும்ப ஏற்றினாள். ஆள் வளையத்துக்குச் சரியாக நடுவில் இல்லாவிட்டாலும் கணக்குப் பிழைக்குமாம். இவ்வளவு அடுக்குப் பண்ணிய பிறகு ஸ்கான் எடுத்தது ஒரு மூச்சுப் பிடிக்கிற நேரம்தான்.

கல் இருந்தது. சிறிய கல், சிறுநீர்ப்பை வாசலுக்குக் கிட்ட வந்து நின்றது. தானாகவே போய்விடும், தண்ணீர் குடித்துக் குளிசை போடுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். படத்தில் மணல் இருந்தது பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொன்னவன் நிமலன். படத்தை வைபரில் சுவிஸுக்கு அனுப்ப, தம்பியார் அதைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு இது பழைய இரும்புக்கடை மெசின் என்று தீர்ப்பு வழங்கினார். அண்ணனும் தம்பியும் கலந்து பேசி, அடுத்த கிழமை வேறோர் இடத்தில் முழு வயிற்றுக்கும் மருந்து ஏற்றி ஸ்கான் எடுக்க நாள் வைத்துவிட்டார்கள். நடுவில் கல் தானாகவே போய்விட்டது. நோவும் போய்விட்டது. ஆனாலும் வைத்த நாள் வைத்ததுதான் என்று நிமலன் நின்றான். அவன் மனதில் வேறு வஞ்சகம் இல்லை, அவளுடைய வயிற்றுக்குள் இன்னும் என்ன இருக்கிறதோ என்ற பயம்தான்.

மாதவிலக்கு வரவில்லை. குளிசை குழப்பிவிட்டது என்று நிலாந்தினி நினைத்தாள். பசி இல்லை, காலையில் வாயில் தண்ணீர் ஊறியது. அது கல்லுக்குப் போட்ட மருந்தின் வேலை என்று நினைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது ஸ்கானுக்குப் போக வேண்டிய காலையில் சேலை உடுத்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் ஒருத்தி அதே கேள்வியைக் கேட்பாள். இன்னொரு தரம் அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வராது போல இருந்தது. பார்த்துவிட்டுப் போனால் பொய் சொல்லத் தேவையில்லை. ஒற்றைக் கோட்டைப் பார்த்து ஒருபாட்டம் அழுதுவிட்டு பஸ் ஏறலாம். அலுமாரிக்குள் துணிகளுக்கு அடியில் பழைய பட்டி ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினாள்.

இரண்டு கோடு. சாய்த்துப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் கைகளை மேலே நீட்டிக்கொண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். நிமலன் வந்து கதவைத் தட்டி, பஸ் போகப்போகிறது என்றான்.

அன்றைக்கு அவர்கள் யாழ்ப்பாணம் போகவில்லை. பதின்மூன்று வருடம் காத்திருந்த செய்தி வந்த வீடு செத்தவீடு போலக் கிடந்தது. நிலக்ஷன் சுவிஸிலிருந்து இன்டர்நெற்றைக் கிண்டி, கதிர்வீச்சுப் பட்ட பிள்ளைகளின் படங்களாகப் பார்த்து அனுப்பினான். எந்த நாட்டில், எந்தக் குண்டில், எவ்வளவு பட்ட பிள்ளைகள் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. காலம் பிந்த முதல் ஒரு முடிவு எடுக்கச் சொன்னான். என்ன முடிவு என்று வாயால் சொல்லவில்லை, எல்லாருக்கும் விளங்கியது. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு முடிவு எடுப்பது எப்போதும் சுகம்.

நிலாந்தினியின் நெஞ்சை உடைத்தது அவனல்ல, மாமியார். கமலாதேவிதான் இந்த வீட்டில் பேரப்பிள்ளைக்காக அதிகம் ஏங்கியவர். அவரும் வேண்டாம் என்றார்.

“நான் பட்டதை நீ படக்கூடாது, பிள்ளை. வேண்டாம்.”

அவர் பட்டது என்னவென்று அந்த வீட்டில் சொல்லத் தேவையில்லை. நிமலனுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், பிரியதர்சினி. பிறக்கும்போதே மூளையில் அடிபட்டுப் பிறந்த பிள்ளை. எழும்பவில்லை, நடக்கவில்லை, அம்மா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் பேசவில்லை. சண்டையில் தீவை விட்டுச் சனம் ஓடிய காலத்தில் மற்றவர்கள் பெட்டியும் படுக்கையும் தூக்க, கமலாதேவி வளர்ந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். வீட்டுக்கு வீடு, கோயில் மண்டபத்துக்கு மண்டபம், அவளுக்கு ஊட்டி, கழுவி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு காய்ச்சலில் செத்துப்போனாள். அந்த மனிசி வேண்டாம் என்று சொன்னால் அதை வெறும் வாய் வார்த்தை என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்குப் பிறகு நிலாந்தினிக்கு முன்பள்ளி நரகமாகிவிட்டது. பிள்ளைகள் வட்டமாக இருந்து கை தட்டுவார்கள், அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தன் பந்தைத் தவறவிட்டால் அவளுக்கு நெஞ்சு திடுக்கிடும். ஒரு பிள்ளை கூப்பிட்டு உடனே திரும்பாவிட்டால், காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தரம் கூப்பிட்டுப் பார்ப்பாள். அடிவயிற்றில் கையை வைக்க ஆசையாக இருக்கும், வைத்தவுடன் எடுத்துவிடுவாள். வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் அந்தக் கையை என்ன செய்வது என்ற பயம்.

நிமலனுக்குப் பயம் கோபமாகத்தான் வரும். அவனுடைய கோபம் முழுக்கத் தனுசியாவின் மேல் போய் விழுந்தது. கேட்காமல் கொள்ளாமல் மேசையில் ஏற்றிவிட்டாள், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா, அவளுடைய வேலையைப் பறிக்காமல் விடமாட்டேன் என்று வீடு முழுக்க நடந்து நடந்து பேசினான். நிலாந்தினி கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவள் கேட்டவள் என்று சொன்னால், நீ ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்வி வரும். பிள்ளைக்கு ஏதாவது என்றால் அந்தக் கேள்வி ஆயுள் முழுக்க வரும். சொல்லாமல் விட்டால் நாரந்தனைப் பெட்டையின் வேலை போகும்.

கடைசியில் இருவரும் பஸ் ஏறினார்கள். நிமலன் போனது முறைப்பாடு செய்ய, அவள் போனது எவ்வளவு கதிர்வீச்சுப் பட்டது என்று கேட்க. அதே ஆசுபத்திரியில் இருந்த பிள்ளைப்பேற்று டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். இவர்களுடைய கதையைக் கேட்டதும் ஸ்கான் விவரங்களோடு தனுசியாவை வரச் சொன்னார். தனுசியா உள்ளே வந்தபோது, கூப்பிடப் போன தாதி சொல்லி அவளுக்கு ஏற்கெனவே செய்தி தெரிந்திருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை.

நிமலன் எழுந்து நின்று கொட்டித் தீர்த்தான். படித்துவிட்டு வந்து மெசினில் பொத்தானை அமர்த்தத் தெரிந்தால் போதுமா, ஒரு பெண்ணிடம் கேட்கத் தெரியாதா என்றான். தனுசியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரே ஒரு தரம் நிமிர்ந்து நிலாந்தினியைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. இவள் என்னைக் காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்று நிலாந்தினிக்கு விளங்கியது. அது தெரிந்த பிறகு பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“அவ கேட்டவ,” என்றாள். “சோதிப்பம் எண்டும் சொன்னவ. நான்தான், வீட்டிலை பாத்தனான் இல்லையெண்டு பொய் சொன்னனான்.”

நிமலன் திரும்பி அவளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கவில்லை.

“ஏன்?”

“இன்னொருக்கால் அந்த ஒற்றைக் கோட்டைப் பாக்க எனக்கு ஏலாமல் இருந்தது, நிமலன்.”

நிமலன் கதிரையில் இருந்துவிட்டான். அவள் என்ன சொன்னாலும் தான் சோதித்துவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும், நம்பியது தன்னுடைய பிழைதான் என்று தனுசியா மெல்லச் சொன்னாள். செய்தி கேட்டவுடனேயே இந்த விஷயத்தை மேலிடத்துக்குத் தானே அறிவித்துவிட்டதாகவும் சொன்னாள்.

டொக்டர் விவரங்களை வாங்கிப் பார்த்தார். கதிர்வீச்சுக் கணக்குப் பார்க்கிறவரோடு தொலைபேசியில் பேசினார். அந்த நேரம் முழுக்க நிலாந்தினி தன் விரல்களை முறித்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்து டொக்டர் சொன்னது இவ்வளவுதான். பிள்ளைக்குப் பட்டது மிகக் கொஞ்சம். பிள்ளையின் உருவம் கெடுவதற்கு எவ்வளவு பட வேண்டும் என்று பார்க்கிறோமோ, அதில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். இதற்காக ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. விரதத்துக்குப் போட்ட குளிசையாலும் பெரிதாக ஒன்றும் வராது.

நிமலன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“நான் அண்டைக்குக் கூட்டி எடுக்கச் சொல்லிச் சண்டை பிடிச்சனான். அவ என்ரை சொல்லைக் கேட்டிருந்தால்?”

அப்படி எடுத்திருந்தால் நாலு மடங்கு போயிருக்கும், மருந்து ஏற்றித் திரும்பத் திரும்ப எடுத்திருந்தால் இன்னும் மேலே போயிருக்கும் என்றார் டொக்டர். அப்போதும் பிள்ளையைக் கலைக்கச் சொல்லியிருக்கமாட்டார், ஆனால் இப்போது சொல்வது போல இலேசான மனதோடு சொல்லியிருக்க முடியாது. நிமலன் தனுசியாவின் பக்கம் திரும்பினான். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. கைகளைத் துடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, நீங்கள் என் சொல்லைக் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

“ஓம் அண்ணை, நான் கேக்கேல்லை,” என்றாள் தனுசியா. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

புறப்படும்போது நிலாந்தினி கதவடியில் நின்று கேட்டாள், ஒன்றுமே ஆகாது என்று எழுதித் தர முடியுமா என்று. டொக்டர் பொய் சொல்லவில்லை. எந்தத் தாய்க்கும் அப்படி எழுதித் தர ஏலாது, ஸ்கானைக் கண்ணால் காணாத தாய்மாருக்கும் நூறில் இரண்டு மூன்று பிள்ளை ஏதோ ஒரு குறையோடு பிறக்கிறது என்றார். இந்த ஸ்கானால் பின்னுக்குப் புற்றுநோய் போல ஒரு வருத்தம் வருவதற்குச் சில ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருக்கலாம். இல்லவே இல்லை என்று சொல்லத் தனக்கு வாய் இல்லை என்றார். நிலாந்தினி அந்த ‘ஒன்றை’ மடியில் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் சனம் நெருக்கியது. மழை யன்னலால் அடித்தது. நிமலன் அவளை உள்பக்கம் இருத்தி, தான் கரையில் இருந்தான். பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியது. அந்தப் பட்டிகளை ஊருக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொண்டு வந்தவன் தான்தானே என்றான். ஒவ்வொரு தரமும் கதவுக்கு வெளியே தானும் நின்றது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டான். அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் கமலாதேவி நின்றார். மழைச் சாரல் அடித்தும் உள்ளே போகாமல் நின்றிருக்கிறார். நிமலன் நடந்ததைச் சொன்னான். டொக்டர் சொன்ன நல்ல செய்தியை இரண்டு தரம் சொன்னான், கெட்ட செய்தியை விழுங்கப் பார்த்தான். அதையும் நிலாந்தினி சொன்னாள். இனி யாருக்கும் எதையும் மறைத்து அவளுக்கு ஏலாது. கமலாதேவி எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய மனம் அந்த ஒன்றில்தான் போய் நின்றது.

“ஆயிரத்திலை ஒண்டு எண்டாலும், பிள்ளை, அந்த ஒண்டு எங்கடையா வந்திட்டால்?”

நிலாந்தினி பஸ்ஸில் வரும்போது அதைத்தான் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய கை இப்போது அடிவயிற்றில் இருந்தது, எடுக்கவில்லை.

“வந்தால் வளப்பம், மாமி. நீங்கள் பிரியாவை வளத்தனீங்கள்தானே. இவள் எனக்கு வேண்டாமெண்டு ஒருநாளாவது நினைச்சனீங்களோ?”

நிமலன் பதறிப்போய் அவளைத் தடுக்கக் கையை நீட்டினான். செத்துப்போன அக்காவின் பெயரை அந்த வீட்டில் யாரும் தாயின் முன்னால் எடுப்பதில்லை. கமலாதேவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒருநாளும் இல்லைப் பிள்ளை. அவள் செத்த அண்டைக்கும் இல்லை,” என்றார். பிறகு, கொடியில் கிடந்த துவாயை எடுத்து வந்து மருமகளின் நனைந்த தலையைத் துடைக்கத் தொடங்கினார்.